கருங்கலிலிருந்து கிசுமுவுக்கு: புதிதாக ஊழியத்துக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டிய வேலைகள்

கென்யாவிலிருந்து லீவுக்குக் குமரி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். கருங்கலில் கைக்குழந்தையோடு ஓர் இளம் ஜோடி, குழித்துறைப் பக்கம் ஒரு தம்பி, தக்கலையிலிருந்து நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. எல்லோரும் கென்யாவுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போகப் போகிறவர்கள். கேட்கிற முதல் கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "அக்கா, பெட்டியில என்னெல்லாம் கொண்டு போணும்?"

பெட்டி கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஏகப்பட்டது இருக்கிறது.

நாங்கள் 2018-ல் போனோம். பிரசங்கம் செய்யவும் வேதபாடம் எடுக்கவும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கரண்டுக்குக் காசு எப்படிக் கட்டுவது, தண்ணீர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை. போய் இறங்கியதும் இந்த வேலைகளுக்கென்று ஒரு பையனை ஏற்பாடு செய்து தந்தார்கள். நாங்களும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. மூன்று மாதம் தக்காளி என்ன விலை என்று தெரியாது, பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர் தெரியாது. அந்தப் பையன் படிக்கப் போன பிறகுதான் நாங்களே கடைக்கும் சந்தைக்கும் அலைய ஆரம்பித்தோம். அன்றிலிருந்துதான் எங்களை நாலு பேருக்குத் தெரியும்.

நான் சொல்வது மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற கிசுமுவை வைத்து. நைரோபிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய காகித வேலை

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பாருங்கள். நம்மில் நிறையப் பேருக்கு அது காலியாக இருக்கும். பெயரும் இனிஷியலும் ஒரே வரியில் கிடக்கும். அங்கே எந்தப் படிவமானாலும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று இருந்தால் இப்போதே ஒன்றாக்கி விடுங்கள். நான் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன். அதனால் வந்த கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ். பாஸ்போர்ட் சேவா இணையத்தில்தான் மனு போட வேண்டும். நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. விசாரணைக்கு உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து வருவார்கள். பாஸ்போர்ட்டில் கருங்கல் முகவரியும் குடியிருப்பது நாகர்கோவில் வாடகை வீட்டிலுமாக இருந்தால் இழுத்தடிக்கும். முகவரியைச் சரி செய்த பிறகு மனு போடுவது நல்லது.

சபையில் கொடுத்த திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள். குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே பதிவு செய்ததில் குழந்தையின் பெயர் இருக்காது. அப்பா பெயர், அம்மா பெயர், ஆணா பெண்ணா என்பது மட்டும் இருக்கும். பெயரைச் சேர்க்கத் தனியாக மனு கொடுக்க வேண்டும். இது தெரியாமல் டிக்கெட் போட்ட பிறகு ஓடியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பம்.

கென்யாவில் ஊழியம் செய்ய 'கிளாஸ் ஐ' என்ற அனுமதி வேண்டும். மத வேலைக்கும் தர்ம வேலைக்கும் வருகிறவர்களுக்கென்றே அந்த வகுப்பு இருக்கிறது. நம்மை அழைக்கிற சபையோ அமைப்போதான் அங்கிருந்து மனு போடும். மனைவி, பிள்ளைகளுக்குச் சார்ந்திருப்போர் பாஸ் தனி. 2024 ஜனவரியிலிருந்து பழைய விசா முறை போய், புறப்படும் முன்பே இணையத்தில் பயண அனுமதி வாங்கும் முறை வந்துவிட்டது. சுற்றிப் பார்க்க வருகிறவர் மாதிரி அதில் நுழைந்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அனுமதி கைக்கு வராமல் ஊழியத்தில் இறங்குவது குற்றம். உங்களை அழைத்த சபைக்கும் அது தலைவலி. போன பிறகு, 90 நாளுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் பதிவு செய்து ஓர் அடையாள அட்டை வாங்க வேண்டும். அது கைக்கு வரும்வரை எங்கே போனாலும் பாஸ்போர்ட் நகல் பையில் இருக்கட்டும்.

பேங்க் வேலை சின்னதாகத் தெரியும், ஆனால் அதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். வேலையாக வெளிநாட்டில் தங்கப் போகிறவர்கள் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கிளையில் ஒருமுறை போய்ச் சொன்னால் படிவம் தருவார்கள். அதோடு உங்கள் இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆதார், பேங்க், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கைத் திறந்து வைத்து, ரீசார்ஜ் செய்கிற பொறுப்பைத் தம்பி தங்கையில் யாரிடமாவது கொடுங்கள். வீடோ தோட்டமோ உங்கள் பெயரில் இருந்தால் பவர் எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வேலி தகராறு நாம் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வரும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிக் குழப்பம் நிறைய. கென்யாவுக்குள் நுழையும்போது இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் பொதுவாகக் கேட்பதில்லை. திரும்பி இந்தியா வரும்போதுதான் கேட்பார்கள். அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செல்லும். இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, நமக்குக் கிட்ட தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகம். குறித்த நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

பல்லில் வலி இருந்தால் நாகர்கோவிலிலேயே முடித்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது ஜோடி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

சரி, இனி பெட்டி

முதலில் கொண்டு போகக் கூடாதது: பிளாஸ்டிக் கவர். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பெரிய அபராதமும் சிறையும் சட்டத்தில் இருக்கிறது. நம் வீட்டில் பெட்டி கட்டுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு கவர், அதைச் சுற்றி இன்னொரு கவர், எண்ணெய் கசியாமல் இருக்க ஜவுளிக்கடைப் பை ஒன்று. விமானம் இறங்குவதற்கு முன்னால் அறிவிப்பு வந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நைரோபியில் பெட்டிகள் வரும் இடத்தில் உட்கார்ந்து, அம்மா அடுக்கிய கவர்களை ஒவ்வொன்றாக உருவி, வறுத்த மல்லிப்பொடியையும் நல்லமிளகையும் சேலைத் துண்டில் முடிந்தேன். இன்றும் அந்தச் சேலையில் வாசனை போகவில்லை. துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் போதும். கம்பெனியில் அடைத்து வருகிற பாக்கெட்டுக்குப் பிரச்சினை இல்லை.

மிக்ஸி கொண்டு போகலாம். கரண்ட் கிட்டத்தட்ட இங்கே மாதிரியே, 240 வோல்ட்தான். பிளக் மட்டும் வேறு. அங்கே இருப்பது சதுரக் கால் உள்ள பெரிய மூன்று முனைப் பிளக். அடாப்டரை அங்கேயே வாங்கலாம், ஆனால் முதல் ராத்திரிக்கு ஒன்று கையில் வேண்டும். தேங்காய்த் துருவி, புட்டுக் குழல், இட்லித் தட்டு இந்த மூன்றும் கட்டாயம். நைரோபி வழியாக ஜூன், ஜூலையில் போகிறவர்கள் ஸ்வெட்டரை மேலாக வையுங்கள். அந்த ஊர் உயரத்தில் இருக்கிறது, அப்போது நன்றாகக் குளிரும். கிசுமுவில் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை.

சம்பா அரிசியைச் சுமக்காதீர்கள். கிலோ கணக்கு உங்களைக் கொன்றுவிடும். கிசுமுவுக்குப் பக்கத்தில் அஹெரோவில் நெல் விளைகிறது, நல்ல அரிசி கிடைக்கும். குண்டு சிவப்பு அரிசிக்கு மட்டும் நாக்கைக் கட்டிப் போட வேண்டியதுதான். தேங்காய் விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மொம்பாசா பக்கம் கடற்கரையிலிருந்து வர வேண்டும், விலையும் அதற்கேற்ப. ஈத்தாமொழித் தேங்காயில் வளர்ந்தவள் அரை மூடியை மூன்று நாளைக்கு வைத்துச் சமைப்பது ஒரு தனி ஒழுக்கப் பயிற்சி.

முதல் வாரம்: சிம், காசு, கரண்ட்

இறங்கியதும் முதல் வேலை சிம். அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். சிம் வாங்கும்போதே, போன் வழியாகக் காசு அனுப்பும் எம்-பெசாவையும் பதிந்துவிடுங்கள். சஃபாரிகாம் நிறுவனம் 2007-ல் தொடங்கியது இது. நம் ஊரில் கூகுள் பே வருவதற்கு வெகு நாள் முன்னாலேயே கென்யாக்காரர்கள் பட்டன் போனில் காசு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெசா என்றால் காசு, நம் 'பைசா'வுக்கு உறவுக்காரச் சொல். இதற்கு பேங்க் கணக்கு வேண்டாம். சந்துக்குச் சந்து இருக்கும் பச்சை நிற எம்-பெசா கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் போனில் ஏறும். அடையாள அட்டையைக் காட்டினால் ரொக்கமாகத் திரும்ப வாங்கலாம். வாடகை, பள்ளிக் கட்டணம், காய்கறி, காணிக்கை எல்லாம் அதில்தான்.

இரண்டு எச்சரிக்கை. ரகசிய எண்ணைக் கடைக்காரர் உட்பட யாரிடமும் சொல்லக் கூடாது. அப்புறம், 'தெரியாமல் உங்களுக்குக் காசு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று அழுகிற குரலில் போன் வரும். வந்த செய்தி போலியாக இருக்கலாம். முதலில் இருப்பைப் பாருங்கள். உண்மையாகவே வந்திருந்தாலும், திருப்பி எடுக்க நிறுவனத்திடம் கேட்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ஊழியக்காரர் என்றால் மனம் இளகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

முன்னால் சொன்ன குடும்பப் பெயர்க் கூத்து இதுதான். காசு அனுப்புகிறவருடைய போனில் நம் பெயர் முழுதாக வரும். கடைசியில் நிற்பதுதான் வீட்டுக்காரர் பெயர் என்று எடுத்துக்கொண்டு, சபையில் பாதிப் பேர் என்னை 'மிசஸ்' போட்டு என் அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். இதைப் போனில் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "அப்ப நான் யாரு?" என்று கேட்டார்.

கரண்ட் முன்பணம் கட்டும் மீட்டர். மீட்டர் எண்ணைப் போட்டுப் போனில் காசு கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும். அதை மீட்டர் பொத்தானில் அடித்தால் விளக்கு எரியும். மீட்டர் எண்ணைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். இருட்டில், மழையில், டார்ச் வாயில் கவ்விக்கொண்டு 20 இலக்கம் அடிப்பது ஒருமுறை போதும். ஏரிக்கரை ஊர் என்பதால் சாயங்காலம் இடி மின்னல் அடிக்கடி வரும். மேகம் கூடினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கேஸ் சிலிண்டருக்கு நம் ஊர் போல புத்தகம், காத்திருப்பு எதுவும் இல்லை. 6 கிலோ, 13 கிலோ இரண்டு அளவில் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கி வர வேண்டியதுதான். தண்ணீருக்குத் தொட்டி இருந்தாலும் 20 லிட்டர் மஞ்சள் கேன் நாலைந்து வாங்கி வையுங்கள்.

கடிகாரம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாய் ரிப்பேர், மர வேலை, வயரிங் எதுவானாலும் செய்கிறவருக்கு 'ஃபுண்டி' என்று பெயர். தண்ணீர்க் குழாய் உடைந்தபோது ஒரு ஃபுண்டியைக் கூப்பிட்டோம். 'சா ன்னே' வருகிறேன் என்றார். சா என்றால் மணி, ன்னே என்றால் நாலு. அவ்வளவு சுவாஹிலி எனக்குத் தெரியும் என்ற பெருமையில், காலையில் கடைக்குப் போய்விட்டு மூன்றரைக்குத் திரும்பி வந்து காத்திருந்தோம். ஐந்தரை வரைக்கும் ஆள் இல்லை. மறுநாள் அவர் கோபத்தோடு வந்தார். முந்தின நாள் காலை பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சுவாஹிலியில் பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி 'சா மோஜா', அதாவது ஒரு மணி. ஒன்பது மணி மூன்று, பத்து மணி நாலு. ஆறைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். எனக்கு ஏனோ பிடித்துப் போனது. எங்கள் தாத்தா நாழிகை சொல்லும்போது சூரியன் உதிப்பதிலிருந்துதான் எண்ணுவார். படித்தவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது நம் மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். எந்த மொழியில் சொன்னார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 'டீ குடிக்கும் முன்பா, சாப்பிட்ட பிறகா' என்று கேளுங்கள்.

இன்னொரு கடிகாரக் கணக்கு வீட்டுக்கு. அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி ஏழரைக்குச் சாவகாசமாகப் போன் போட்டால் இங்கே மணி பத்து, அம்மா தூங்கியிருப்பார். சாயங்காலம் நாலரைக்குக் கூப்பிட்டால் இங்கே ஏழு, குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். போனை நடுவில் வைத்துவிட்டால் நீங்களும் பாயில் இருந்த மாதிரிதான்.

வண்டியும் சந்தையும்

ஊருக்குள் போக வர மட்டாட்டு என்ற 14 பேர் ஏறும் வேன். நிற்குமிடத்துக்கு 'ஸ்டேஜ்' என்று பெயர். ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். மழை வந்தால் கூடிவிடும். இறங்க 'நஷுகா ஹப்பா' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் அடுத்த ஊர்தான். தனியாகப் போக 'போடா போடா' என்கிற வாடகை பைக். பெயரைக் கேட்டு நம் ஆள் யாருக்கும் சிரிப்பு வராமல் இருந்ததில்லை. ஹெல்மெட் இல்லாத பைக்கில் ஏறாதீர்கள், ராத்திரியில் அறவே வேண்டாம்.

தெருவில் பிள்ளைகள் உங்களைப் பார்த்து 'முஹிண்டி' என்று கத்தும். இந்தியர் என்று அர்த்தம், வசவு ஒன்றும் இல்லை. மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு போனார்கள். அந்தப் பாதை 1901-ல் வந்து முடிந்தது கிசுமுவில்தான். பின்னால் குஜராத்திக்காரர்கள் கடை வைத்தார்கள். அதனால் இந்திய முகத்தைப் பார்த்தாலே கடை முதலாளி என்ற நினைப்பு. விலையும் அதற்கேற்ப வரும். இதற்குக் கோபப்பட்டுப் பலனில்லை. பத்து முறை அதே ஆளிடம் வாங்கினால் தானாக விலை இறங்கும்.

சந்தை என்றால் கிபுயே. திறந்த வெளிச் சந்தை, ஞாயிற்றுக்கிழமை பெருங்கூட்டம். நாங்கள் ஆராதனை காரணமாக மற்ற நாளில் போவோம். அங்கே எனக்கு ஒரு ஓமெனா விற்கிற அம்மா இருக்கிறார். ஓமெனா என்பது ஏரியில் பிடிக்கும் விரல் நீளம்கூட இல்லாத பொடிமீன், வெயிலில் காய வைத்து வெள்ளி மாதிரி குவித்திருப்பார்கள். முதல் நாள் அந்தக் குவியலைப் பார்த்ததும் குளச்சல் கடற்கரையில் நெத்திலி காயப் போட்ட மணலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. அளப்பது தராசில் இல்லை. 'கோரோகோரோ' என்ற இரண்டு கிலோ தகர டின். அந்த அம்மா டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுவார், பிறகு இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவிப்பார். ஒரு மீன் சரிந்து விழுந்தால் எடுத்து மறுபடி உச்சியில் வைப்பார். அதற்குப் பிறகு நாம் 'ஓங்கெஸா' என்று சொல்ல வேண்டும். இன்னும் போடு என்று அர்த்தம். கொசுறு கேட்காமல் போனால் அவருக்கே ஒரு மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் இரண்டு முறை அலசி, தலை கிள்ளி, கொஞ்சம் தேங்காயும் புளியும் வத்தலும் அரைத்து வையுங்கள். அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக் கிழங்கு) சாப்பிட்டால் கடல் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பது மறந்துபோகும். மரச்சீனி அங்கே தாராளம், பெயர் 'முஹோகோ'. பாசிப்பயறு 'ண்டெங்கு', கேழ்வரகு 'விம்பி'. கொத்தமல்லிக்கு 'தானியா' என்றால் போதும். மாவு மில்லில் விம்பியைத் திரித்துக்கொண்டால் புட்டு அருமையாக வரும். அவர்களுடைய தினச் சாப்பாடு உகாலி, மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிளறிய களி. கீரையோடு கையால் உருட்டிச் சாப்பிட வேண்டும். ஒரு வீட்டில் உகாலி வைத்தால் வயிறு நிறைய சாப்பிடுங்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு உங்களுக்குக் கதவு அடைக்காது.

அந்த ஓமெனா அம்மா என்னை 'ஞார் இந்தியா' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பக்கம் லுவோ மக்கள். கல்யாணமாகி வந்த பெண்ணைப் பிறந்த ஊரைச் சொல்லி 'இன்ன ஊர் மகள்' என்று அழைப்பது அவர்கள் வழக்கம். என் மாமியார் எட்டு வருஷமாக என்னைக் 'கருங்கல்காரி' என்று கூப்பிடுவதும் அதேதானே. முஹிண்டியிலிருந்து ஞார் இந்தியாவுக்கு வர எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

அதற்கு மொழி வேண்டும். முதல் ஆறு மாதம் வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பேன். நம் மைலாடிக்கு 1806-ல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, அதற்கு முன் ஒரு வருஷத்துக்கு மேல் தரங்கம்பாடியில் உட்கார்ந்து தமிழ் படித்தவர். வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுப்பது, உள்ளேயிருந்து 'கரிபு' என்று வந்த பிறகு நுழைவது, பெரியவர்களுக்கு 'ஷிகாமோ' என்று வணக்கம் சொல்வது, ஆராதனையில் 'ப்வானா அசிஃபிவே' (கர்த்தருக்கு ஸ்தோத்திரம்) என்றால் 'ஆமினா' (ஆமென்) என்று பதில் சொல்வது, இது நாலும் விமானத்திலேயே மனப்பாடம் ஆகட்டும். முதல் ஞாயிறே சபைக்கு முன் எழுப்பி வாழ்த்துதல் சொல்லச் சொல்வார்கள்.

கேட்டு வருகிறவர்கள்

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது கட்டணத்துக்கு ஆள் வருவார்கள். சாவு வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வசூல் உண்டு. சேர்ந்து தூக்குவதற்கு அவர்கள் 'ஹரம்பே' என்பார்கள். நம் ஊரில் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வீட்டுக்கு வீடு வசூல் எழுதுவதில்லையா, அதே மாதிரிதான். எல்லோருக்கும் கொடுத்தால் பிப்ரவரியில் உங்கள் வீட்டில் அரிசி இருக்காது. கொடுக்கவே மாட்டேன் என்றால் அந்த ஊரில் இருக்க முடியாது.

நாங்கள் தட்டுத் தடுமாறி ஒரு வழிக்கு வந்தோம். மாதத்துக்கு ஒரு தொகை தனியாக எடுத்து வைப்போம். வாசலில் வைத்து வாக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்போம், ஒரு வாரத்துக்குள் கட்டாயம் பதில் சொல்வோம். கட்டணமானால் பள்ளியிலேயே கட்டுவோம். சாவு வீட்டுக்கு மட்டும் யோசிப்பதே இல்லை. சின்னத் தொகையோடு நேரில் போய், அவர்களோடு பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்திருப்போம். அனுப்பின காசை யாரும் நினைவில் வைப்பதில்லை. வந்து உட்கார்ந்ததை வைக்கிறார்கள்.

காய்ச்சல்

ஏரிக்கரை முழுக்க மலேரியா உண்டு. வலை கட்டாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது, பக்கத்து வீட்டில் தங்கினாலும் சரி. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மாத்திரை போட்டு நாளைக்குப் பார்ப்போம் என்கிற நம் ஊர்ப் பழக்கம் அங்கே ஆபத்து, பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து.

லீவுக்கு வந்த இடத்திலும் இதை மறக்காதீர்கள். முதல் முறை ஊருக்கு வந்த ஒன்பதாம் நாள் வீட்டுக்காரருக்குக் குளிர் நடுக்கம். பக்கத்து ஆஸ்பத்திரியில் வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எங்கிருந்து வந்தோம் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டு நாள் போன பிறகு வேறு இடத்தில் ரத்தம் எடுத்தபோதுதான் மலேரியா என்று தெரிந்தது. கொசு கடித்துச் சில வாரம் கழித்தும் காய்ச்சல் வரும். அதனால் டாக்டர் முன் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம், மலேரியா டெஸ்ட் எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கருங்கல் ஜோடி நேற்று மறுபடி வந்தார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை, மனுவே கொடுக்கவில்லையாம். தூத்துக்குடிக்குப் போனும் போடவில்லை. ஆனால் பெட்டி இரண்டு வாங்கியாகிவிட்டது. ஒன்றில் பத்துக் கிலோ சம்பா அரிசி ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது, பிளாஸ்டிக் கவரில்.